சீனத் தூதுமொழியில் பணிவுக் கிளவிகளும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

முன்னுரை

ஓர் அரசு மற்றோர் அரசுக்கு விடுக்கும் மடலில் இடம்பெறும் வணக்கவுரையும் பணிவுச்சொல்லும் பெரும்பாலும் புறத்தோற்றமாகவே கருதப்படுகின்றன. செய்தியை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் அவற்றை அணியெனக் கொண்டு சுருக்கிவிடுவர். அல்லது தம் மொழியின் வழக்கமான வாய்பாடு ஒன்றை அவ்விடத்தில் வைத்து மேற்செல்வர். சீன அரசுமுறை மொழியைப் பொறுத்தவரை இவ்விரு வழிகளும் பொருந்தா என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அம்மொழியில் பணிவுச்சொல்லானது, உரைப்போர் யார், கேட்போர் யார், இருவருள் உயர்ந்தோர் யார், நேர்ந்த தவற்றுக்குப் பொறுப்பேற்போர் யார் என்பனவற்றைச் சுட்டி நிற்கிறது. ஆகவே, பணிவைப் பெயர்த்தல் பொருளைப் பெயர்த்தலின் ஒரு கூறேயாகும்.

இக்கருத்தை நிறுவ, 1793 முதல் 2001 வரையிலான சீன அரசுமுறை வரலாற்றிலிருந்து சில நிகழ்வுகள் இவண் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவற்றை விளக்குமிடத்துத் தொல்காப்பியம் கூறும் சொல்வழக்கு நெறிகளும் செய்யுளுறுப்புகளும் ஒப்புநோக்குக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. சீன மொழிச் செய்திகள் ஆங்கிலத்தின் வழியாகவே பெரிதும் தமிழை வந்தடைகின்றன. ஆதலின் இச்சிக்கல் தமிழில் எழுதுவோர்க்கும் உரியதாகிறது.

சீனப் பணிவு வழக்கின் இயல்பு

சீனத்தில் பணிவைக் குறிக்கும் பொதுச்சொல் 'லீமாவ்' என்பது. இதன் முதற்பகுதியாகிய 'லீ', கன்பூசியச் சிந்தனை மரபில் சடங்கு, ஒழுக்கம், முறைமை ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிக்கும். தன்னைத் தாழ்த்திக் கூறுதலும் பிறரை உயர்த்திக் கூறுதலும் இதன் இரு கூறுகள் எனலாம். இவ்விரண்டும் சொல்லமைப்பிலேயே பதிந்துள்ளன. பிறர்க்குரியவற்றைச் சுட்டும்போது 'குய்' (மதிப்புமிக்க) என்னும் அடையையும், தமக்குரியவற்றைச் சுட்டும்போது 'பீ' (எளிய, சீர்குன்றிய) என்னும் அடையையும் சேர்ப்பது பழைய மடல் வழக்கு. பிறர் தந்தையை 'லிங்சுன்' என்பர். தம் தந்தையை 'ஜியாஃபு' என்பர்.

இவ்விணையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பது கருதத்தக்கது. 'குய்குவோ' (மதிப்புமிகு தங்கள் நாடு) என்பது இக்கால அரசுமுறைப் பேச்சிலும் வழங்குகிறது. 'பீகுவோ' (எம் எளிய நாடு) என்பதோ வழக்கொழிந்து, அதனிடத்தை 'வோகுவோ' (எம் நாடு) என்னும் அடையற்ற சொல் பெற்றுவிட்டது. பிறரை உயர்த்தும் கூறு நிலைபெற, தன்னைத் தாழ்த்தும் கூறு அரசின் வாயிலிருந்து நீங்கியது. இருபதாம் நூற்றாண்டுச் சீனம் தன்னைப் பிற நாடுகளோடு நிகர்நிலையில் வைத்துப் பேச முற்பட்டதன் மொழிச்சுவடாக இதனைக் கொள்ளலாம்.

விளிச்சொற்களும் இவ்வாறே ஆராயத்தக்கன. அயல்நாட்டுத் தலைவரையும் தூதரையும் விளிக்கும் 'கெசியா' என்னும் சொல்லுக்கு 'மாடத்தின் கீழ்' என்பது நேர்ப்பொருள். பெரியோரை நேரே விளித்தல் முறையன்று என்பதால், அவர் மாடத்தின்கீழ் நிற்கும் ஏவலரை விளிக்கும் பாங்கில் இச்சொல் பிறந்தது. பேரரசரைக் குறிக்கும் 'பீசியா'வும் (அரியணைப் படியின் கீழ்) இவ்வகையினதே. தமிழில் பெரியோரை 'அடிகள்' என்பதும், பழைய மடல்களில் 'சமூகத்துக்கு' என எழுதுவதும் இதனோடு ஒத்த போக்குடையவை. ஆளை விடுத்து அவரைச் சார்ந்த ஒன்றைச் சுட்டுதல் இரு மொழிக்கும் பொதுவான பணிவு உத்தியாகிறது. ஆனால், பேரரசர் பெயரைப் புதிய வரியில், ஏனைய வரிகளின் தலைப்பைக் கடந்து மேலே உயர்த்தி எழுதும் 'தைதோ' என்னும் எழுத்துமுறைக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ நிகர் இல்லை. மொழிபெயர்ப்பில் அது சுவடின்றி மறைந்துவிடும்.

ஏற்றமடலும் நிகர்மடலும்

1793இல் பிரித்தானிய அரசின் தூதராகச் சீனம் சென்ற மகார்ட்னி, தாம் கொணர்ந்த பரிசுகளின் பட்டியலைச் சீனத்திலும் அளித்தார். அதில் அவர் 'சின்சாய்' எனக் குறிக்கப்பட்டிருந்தார். அது சீனப் பேரரசர் தம் ஆணையால் விடுக்கும் உயர் அதிகாரிக்குரிய சொல். பேரரசர் சியென்லுங் அச்சொல்லை ஏற்க மறுத்து, திறை கொணரும் தூதர்க்குரிய சொல்லால் அவரைக் குறிக்கச் செய்தார். மகார்ட்னி சென்ற படகுகளின் கொடிகளிலும் அவர் திறை கொணர்வதாகவே எழுதப்பட்டிருந்தது. அதன் பொருளைத் தாம் அறிந்திருந்தும் அப்போது அதனைப் பொருட்படுத்தாது விட்டதை அவர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். மொழிபெயர்ப்பு எவ்வாறு அமைந்திருந்தாலும் மௌனத்தால் இரு தரப்பும் தத்தம் பொருளைக் காத்துக்கொண்ட நிகழ்வு இது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அம்மௌனம் கலைந்தது. குவாங்சௌ நகரில் அயல்நாட்டு வணிகர் அதிகாரிகளுக்கு எழுதுவன யாவும் 'பிங்' என்னும் வகையில், உரிமம் பெற்ற சீன வணிகர் வழியாகவே சேர்க்கப்பட வேண்டும் என்பது அக்கால விதி. 'பிங்' என்பது கீழோர் மேலோர்க்கு எழுதும் விண்ணப்பம். 1834 ஜூலையில் அங்குச் சென்ற பிரித்தானிய வணிகக் கண்காணிப்பாளர் நேப்பியர், ஆளுநர் லூ குன் என்பவருக்குத் தாமே நேரே மடல் விடுத்தார். அது விண்ணப்ப வடிவில் இல்லை என்பதால் நகர வாயிலில் ஏற்கப்படாது திருப்பப்பட்டது. மடலின் உள்ளடக்கம் படிக்கப்படவே இல்லை. அதன் வகைப்பெயரே பூசலுக்குக் காரணமாயிற்று. நேப்பியர் அவ்வாண்டு அக்டோபரில் மக்காவில் நோயுற்று இறந்தார். பின்னர்ப் பொறுப்பேற்ற எலியட் 'பிங்' வடிவை ஏற்று எழுதியபோது லண்டன் அரசு அதை விரும்பவில்லை.

முதல் அபினிப்போரின் முடிவில் 1842 ஆகஸ்ட் 29இல் கையெழுத்தான நான்கிங் உடன்படிக்கையின் பதினொன்றாம் பிரிவு இச்சிக்கலுக்கெனவே அமைந்தது. இரு நாட்டு உயர் அதிகாரிகள் தமக்குள் எழுதுவது 'சாவ்ஹுவெய்'. பிரித்தானியக் கீழ்நிலை அதிகாரிகள் சீன உயர் அதிகாரிகளுக்கு எழுதுவது 'ஷென்சென்'. அவ்வுயர் அதிகாரிகள் அவர்களுக்கு எழுதுவது 'சாசிங்'. வணிகர் எழுதுவது 'பிங்மிங்' என அப்பிரிவு வரையறுத்தது. போரின் முடிவில் எழுதப்பட்ட உடன்படிக்கை மடல்களின் வகைப்பெயர்க்கென ஒரு பிரிவை ஒதுக்கியது என்பதிலிருந்தே அப்பெயர்களின் கனம் விளங்கும்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இப்பாகுபாடு புதிதன்று. ஒருவரிடம் ஒன்றை இரக்கும்போது இழிந்தோன் 'ஈ' எனவும், ஒப்போன் 'தா' எனவும், உயர்ந்தோன் 'கொடு' எனவும் கூறுவான் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் வரையறுக்கிறார். வினை ஒன்று; அதைக் கூறுவோன் நிலைக்கேற்பச் சொல் மூன்று. 'ஷென்சென்', 'சாவ்ஹுவெய்', 'சாசிங்' என்னும் மூன்றும் இவ்வரிசையில் முறையே அமைந்திருப்பதைக் காணலாம். தமிழ்விதி இரத்தற் கிளவிக்கு உரியது, சீனவிதி ஆவண வகைக்கு உரியது என்னும் வேறுபாடு உண்டு. எனினும், நிலையைச் சொல்லே சுமக்கும் என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது. இம்மூன்றையும் 'கடிதம்' என ஒரே சொல்லால் தமிழில் பெயர்க்கின், நேப்பியரின் மடல் ஏன் வாயிலில் நின்றது என்பது விளங்காமற்போகும். 'விண்ணப்பம்', 'நிகர்மடல்', 'கட்டளைமடல்' எனப் பெயர்ப்பின் விளங்கும். 'சாவ்ஹுவெய்' என்னும் அச்சொல் இன்றும் சீனத்தில் அரசுகளுக்கிடையிலான குறிப்புமடலைச் சுட்டும் பெயராக வழங்குகிறது.

'யி' என்னும் சொல்லும் பொருளாட்சியும்

பணிவின் மறுதலை இகழ்ச்சி. 1858 ஜூன் 26இல் கையெழுத்தான தியென்சின் உடன்படிக்கையின் ஐம்பத்தோராம் பிரிவு, பிரித்தானிய அரசையோ குடிமக்களையோ குறிக்கச் சீன அதிகாரிகளின் ஆவணங்களில் 'யி' என்னும் எழுத்தைப் பயன்படுத்தலாகாது எனத் தடைவிதித்தது. அவ்வெழுத்துக்கு 'நாகரிகமற்றோர்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அங்கு நிகராகக் கொள்ளப்பட்டது. ஐம்பதாம் பிரிவோ, இரு வடிவங்களுக்கும் வேறுபாடு தோன்றின் ஆங்கில வடிவமே மெய்ப்பொருளாகக் கொள்ளப்படும் என்றது. அடுத்தடுத்த இவ்விரு பிரிவுகளையும் இணைத்துப் படித்தல் வேண்டும். சீனச்சொல் ஒன்றின் பொருளை ஆங்கிலத்தில் முடிவுசெய்து, அம்முடிவே இறுதியானது என விதிக்கவும் செய்தனர்.

லிடியா லியு 2004இல் வெளியிட்ட பேரரசுகளின் மோதல் பற்றிய ஆய்வில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். 'யி' என்பதைத் தொடக்கத்தில் 'அயலார்' எனப் பெயர்த்துவந்த ஆங்கிலேயர், 1830களில் அதனை இகழ்ச்சிச் சொல்லாகப் பெயர்க்கத் தலைப்பட்டனர் என்பது அவர் காட்டும் செய்தி. சியென்லுங்கின் தந்தையாகிய யூங்செங், தம் மஞ்சூரியக் குலத்தாரை 'யி' எனப் பழித்தோர்க்கு விடையாக, அச்சொல் பிறந்த இடத்தைக் குறிப்பதேயன்றித் தகுதியைக் குறிப்பதன்று என வாதிட்டமையும் அறியப்பட்டதே.

லியுவின் ஆய்வு வலிமையுடையதாயினும் ஒரு வரம்பு உடையது. 'ஹுவா' (நடுநாட்டார்), 'யி' (புறத்தார்) என்னும் பாகுபாடு சீனச் செவ்வியல் நூல்களில் மேல்கீழ்ப் பொருளோடு பயின்றுவந்துள்ளது. யூங்செங் வாதிட நேர்ந்தமையே அச்சொல்லில் இழிவு கேட்கப்பட்டது என்பதற்குச் சான்றாகும். ஆங்கிலேயர் அவ்விழிவை இல்லாத இடத்தில் படைத்தனர் என்பதைக் காட்டிலும், பல பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்து ஏனையவற்றை அடைத்தனர் என்பதே பொருந்தும். சங்க இலக்கியத்தின் 'யவனர்' என்னும் சொல்லை இடத்துக்கேற்பப் பொருள்கொள்ளாது 'மிலேச்சர்' என ஒருவர் பெயர்த்து, அதுவே அதன் ஒரே பொருள் என நிறுவினால் விளையும் இழப்பை எண்ணிப்பார்ப்பின் இது புலப்படும்.

வணக்கத்தினுள் அமைந்த கண்டனம்

இந்திய அயலுறவு அமைச்சகம் 1959 முதல் வெளியிட்ட வெள்ளை அறிக்கைகள், இந்தியாவும் சீனமும் 1954க்குப் பின் பரிமாறிக்கொண்ட குறிப்புமடல்களைத் தொகுத்துத் தருகின்றன. பணிவுமொழி ஆய்வுக்கு இவை அரிய களம். பஞ்சசீலக் கொள்கைகளை உள்ளடக்கிய உடன்பாடு 1954 ஏப்ரல் 29இல் கையெழுத்தாயிற்று. மூன்று திங்கள் நிறைவதற்குள், ஜூலை 17இல், பாரா ஹோதிப் பகுதி குறித்த சீனத் தரப்பின் முதல் எதிர்ப்பு அளிக்கப்பட்டது.

இத்தொகுப்பின் முறைசார் குறிப்புமடல்களில் ஓர் அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. சீன அயலுறவு அமைச்சகம் இந்தியத் தூதரகத்துக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிப்பதாக மடல் தொடங்கும். எல்லையில் நிகழ்ந்தது குறித்த கடுமையான எதிர்ப்பு நடுவில் இடம்பெறும். மிக உயர்ந்த மதிப்பைப் புதுப்பித்துத் தெரிவிப்பதாக மடல் முடியும். இவ்வாய்பாடு ஐரோப்பிய அரசுமுறை மரபிலிருந்து சீனத்துக்கு வந்தது. இரு தரப்பும் ஒரே சட்டகத்தையே கையாண்டன. நிகர்நிலை முற்றிலும் ஏற்கப்பட்டமையால், ஏற்றத்தாழ்வைச் சுட்டும் வேலை இதில் பணிவுச்சொல்லுக்கு இல்லை. உறவு இன்னும் அறுபடவில்லை என்று அறிவிப்பதே இங்கு அதன் வேலை. எதிர்ப்புமடலில் இவ்வணக்கவுரையை விடுத்து எழுதுதல் சினத்தின் அறிகுறியாக அரசுமுறை வழக்கில் கொள்ளப்படுவது இதனாலேயே.

இம்மடல்களைத் தமிழில் பெயர்ப்போர் முதலையும் முடிவையும் சடங்கெனக் கருதி நீக்கிவிடின், வணக்கத்தோடு வந்த எதிர்ப்பையும் வணக்கமின்றி வந்த எதிர்ப்பையும் படிப்போர் வேறுபடுத்தி அறிய இயலாது. ஒரு சொல் ஓரிடத்தில் இல்லாமையும் பொருள் தரும் என்பது எச்சக்கொள்கை அறிந்த தமிழறிஞர்க்கு விளக்க வேண்டுவதன்று.

வருத்தம், குறை, மன்னிப்பு

பணிவுமொழியின் மிகக் கடினமான பகுதி தவற்றை ஒப்புதல். 1972 செப்டம்பர் 25இல் பெய்ஜிங்கில் நடந்த விருந்தில் ஜப்பானியத் தலைமை அமைச்சர் தனாகா, கடந்த காலத்தில் சீன மக்களுக்குப் பெரும் 'மேய்வாகு' விளைத்தது குறித்து ஆழ்ந்து எண்ணிப்பார்ப்பதாகக் கூறினார். அச்சொல் சீனத்தில் 'மாஃபன்' எனப் பெயர்க்கப்பட்டது. வழியில் ஒருவரை இடித்துவிட்டாலும், அவரிடம் சிறு உதவி கேட்டாலும் சீனர் வாயில் வருவது 'மாஃபன்'. தமிழில் கூறுவதாயின், பல ஆண்டுப் போரையும் அழிவையும் 'தொந்தரவு கொடுத்துவிட்டோம்' என்று சொல்லியதற்கு நிகராகும். மறுநாள் பேச்சில் சௌ என்லாய் இதனைச் சுட்டி, இச்சொல் சீன மக்களிடம் மனக்கசப்பை எழுப்பும் என்றார். ஜப்பானிய மொழியில் அச்சொல் மனமார்ந்த வருத்தத்தோடு கூறப்படுவது எனத் தனாகா தரப்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. செப்டம்பர் 29இல் வெளியான கூட்டறிக்கையில் அச்சொல் இல்லை. போரால் சீன மக்களுக்கு விளைத்த பெருந்தீங்குக்குரிய பொறுப்பை ஜப்பான் ஆழ்ந்து உணர்வதாக அங்கு எழுதப்பட்டது. 'மேய்வாகு'வைக் காட்டிலும் வலிய ஒரு சீனச்சொல்லை மொழிபெயர்ப்பாளர் ஆண்டிருக்கலாமே எனில், ஜப்பான் அரசு கூறாத ஒப்புதலைத் தாம் கூறியவராவார். சிக்கல் சொல்லைத் தேர்வதில் மட்டும் இல்லை. மூலமே எவ்வளவு பொறுப்பேற்க விரும்பியது என்பதில் இருந்தது. மொழிபெயர்ப்பு அதனை வெளிப்படுத்தியது.

2001இல் இதன் மறுதலையான நிகழ்வு நேர்ந்தது. ஏப்ரல் 1இல் அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர்விமானமும் தென்சீனக் கடலின்மேல் மோதின. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். ஹைனான் தீவில் இறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 பேர் காவலில் வைக்கப்பட்டனர். சீனம் மன்னிப்பைக் கோரிற்று, அமெரிக்கா மறுத்தது. ஏப்ரல் 11இல் அமெரிக்கத் தூதர் புரூஹர் சீன அயலுறவு அமைச்சர் தாங் ஜியாசுவானுக்கு அளித்த மடலில் 'மிகவும் வருந்துகிறோம்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் இருமுறை இடம்பெற்றது. ஒன்று விமானியின் இழப்புக்கு. மற்றொன்று வாய்மொழி இசைவின்றிச் சீன வான்வெளியில் நுழைந்து இறங்கியமைக்கு. சீன ஊடகங்கள் அதனை 'ஷென்பியாவ் சியென்யீ' என வெளியிட்டன. அமெரிக்க அரசோ அது மன்னிப்பு மடல் அன்று என்றே கூறியது. மறுநாள் விமானக்குழுவினர் நாடு திரும்பினர்.

சீனத்தில் இத்துறைச் சொற்கள் படிநிலையில் அமைந்துள்ளன. 'யீஹான்' என்பது நிகழ்ந்தது குறித்த வருத்தம். அதில் பொறுப்பு இல்லை. 'தாவ்சியென்' என்பது வெளிப்படையான மன்னிப்பு வேண்டல். இரண்டுக்கும் இடைப்பட்டது 'சியென்யீ'. இதன் முதலெழுத்தாகிய 'சியென்', விளைச்சற்குறைவையும் பொதுவாகக் குறைபாட்டையும் குறிப்பது. தம்பால் குறை நேர்ந்தது என்னும் உணர்வே 'சியென்யீ'. இதனைத் தமிழில் 'வருத்தம்' என்றால் படி இறங்கும். 'மன்னிப்பு' என்றால் படி ஏறும். 'குறை' என்னும் தமிழ்ச்சொல்லோ இல்லாமையையும் தவற்றையும் ஒருங்கே குறிப்பது. 'குறைபொறுக்க வேண்டுதல்' வழக்கிலும் உள்ளது. எனவே, 'ஆழ்ந்த குறையுணர்வைத் தெரிவித்தல்' என்பது ஏற்ற பெயர்ப்பாகும் என இக்கட்டுரையாளர் கருதுகிறார். ஆங்கிலத் தொடரை மட்டும் நோக்கிப் பெயர்ப்போர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. சீனச்சொல்லை நோக்குவோர்க்கே இது புலப்படும்.

பணிவுக் கோட்பாடுகள்: ஒரு மதிப்பீடு

பணிவுமொழி ஆய்வில் பெரிதும் எடுத்தாளப்படுவது பிரௌன், லெவின்சன் ஆகியோரின் கோட்பாடு. 1978இல் வெளியாகி 1987இல் நூல்வடிவம் பெற்ற அக்கோட்பாட்டின் மூன்று மொழித் தரவுகளுள் தமிழகச் சிற்றூர்ப் பேச்சும் ஒன்று என்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது. ஒவ்வொருவரும் தம் முகமதிப்பைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் உத்தியாகப் பணிவை அவர்கள் விளக்கினர். சீன ஆய்வாளர் கூ யுவெகுவோ 1990இல் இதனை மறுத்து, சீனப் பணிவு தனியாளின் உத்தியைக் காட்டிலும் சமூகம் விதிக்கும் நெறியாகவே விளங்குகிறது என்றார். மதித்தல், அடக்கம், மனக்கனிவு, செம்மை ஆகிய நான்கினை அதன் கூறுகளாகவும் அவர் வகுத்தார்.

கூ யுவெகுவோவின் திருத்தம் 1834ஆம் ஆண்டுப் பூசலை நன்கு விளக்கும். 'பிங்' எழுதுவது ஒருவர் விருப்பம் சார்ந்ததன்று. 2001ஆம் ஆண்டு மடலை அஃது அவ்வளவு விளக்காது. இருவர் நேரே உரையாடும் சூழலையே இரு கோட்பாடுகளும் அடிப்படையாகக் கொண்டுள்ளன. அரசுமுறை மொழியிலோ முன்னிற்போர் ஒருவர், உண்மையில் கேட்போர் வேறொருவர். தொல்காப்பியர் செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம் என்பனவற்றைத் தனித்தனி உறுப்புகளாக எண்ணுவது இங்குத் துணைநிற்கும். புரூஹர் மடலில் கூற்று ஒன்று, கேட்போர் இரு நாட்டு மக்கள், களனும் இரண்டு. இரு தரப்பும் தத்தம் மக்களுக்கு ஏற்ற எச்சத்தை நிரப்பிக்கொள்ள இடந்தந்தமையே அம்மடலின் பயன். பொருள்மயக்கம் இங்குக் குறையாகாமல் உடன்பாட்டின் கருவியாயிற்று. அதனைத் தெளிவாக்கும் மொழிபெயர்ப்பு உடன்பாட்டையே குலைத்திருக்கும்.

தமிழில் பெயர்ப்போர்க்குச் சில கருத்துகள்

பெய்ஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு 1963இல் தொடங்கியது. சீனத்துக்கும் தமிழுக்கும் நேரடித் தொடர்பு அரிதன்று. ஆயினும், நாளிதழ்ச் செய்திகளில் ஆங்கிலமே இடைமொழி. சீன அயலுறவு அமைச்சகத்தின் சொற்களில் 'குவான்சியெ' (அக்கறை கலந்த கவலை), 'யீஹான்' (வருத்தம்), 'பூமான்' (மனக்குறை), 'காங்யீ' (எதிர்ப்பு), 'சியென்சே' (கண்டனம்) என்பன வெவ்வேறு படிகள். இவை அனைத்தையும் 'கண்டனம்' என ஒரு சொல்லில் அடக்கின், சீனம் எப்போது குரலை உயர்த்தியது, எப்போது தாழ்த்தியது என்பது தமிழ்ப் படிப்போர்க்குத் தெரியாது. பேச்சு 'நட்புணர்வோடு' நடந்தது என்பதும் 'ஒளிவுமறைவின்றி' நடந்தது என்பதும் ஒன்றல்ல. பின்னது பெரும்பாலும் கருத்துவேறுபாடு நிலவியதைப் பணிவாகச் சொல்வது, இடக்கரடக்கல் எனலாம்.

எனவே, இத்துறைச் சொற்களுக்குப் பொருள்நிகர் தருவதோடு படிநிலையையும் காட்டும் சொல்லடைவு ஒன்று தமிழில் வேண்டும். வணக்க வாய்பாடுகளைச் சுருங்கவேனும் பெயர்த்தலும், அவை இல்லாதவிடத்து இன்மையைச் சுட்டுதலும் வேண்டும். மூலத்தின் மயக்கம் கருதிச் செய்யப்பட்டதாயின் அதைத் தமிழிலும் மயக்கமாகவே வைத்தல் வேண்டும்.

முடிவுரை

திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்தி, பின்னவனை முன்னவனிலும் காற்கூறு குறைந்தவனாக வைப்பார். மொழிபெயர்ப்பாளர் இரண்டாம் வகையினர் என்பதே பொதுவான எண்ணம். மேற்கண்ட சான்றுகள் அவ்வெண்ணத்தை உறுதிசெய்யவில்லை. 'யி' என்பதற்குப் பொருள் தேர்ந்தவரும், 'மாஃபன்' என்றவரும், 'சியென்யீ' என்றவரும் கூறியது கூறும் பணியினூடே வகுத்துக் கூறியவர்களே. தாம் வகுத்துக் கூறுவதை அறிந்து செய்தல் மொழிபெயர்ப்பாளரின் கடமை. எங்கே வகுத்துள்ளார் என்பதைக் கண்டு காட்டுதல் திறனாய்வாளரின் கடமை. உரைப்போர் நிலைக்கேற்பச் சொல் வேறுபடும் என்பதை இலக்கண விதியாகவே வகுத்த தமிழுக்கு இவ்விரு கடமைகளையும் ஆற்றும் வளம் உண்டு. அவ்வளத்தை இடைமொழியின் வரம்புக்குள் சுருக்கிவிடாமல் மூலத்தை நோக்கிச் செலுத்துதல் வேண்டும் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.